தட்டு திறந்தால் ஆம்

கம்ப்யூட்டரைப் போட்டதும் வழக்கமாக வருகிற குரல் வரவில்லை. செண்பகவல்லி இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். விசிறி ஓடுகிறது, முழங்காலில் காற்றுப் படுகிறது, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஏதோ சுற்றுகிற அதிர்வு தெரிகிறது, ஆக உயிர் இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை. கண் தெரிகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் சத்தம் போனால் பாட்டு போகும், சினிமா போகும், அவ்வளவுதான். அவளுக்கு எல்லாமே போகும். திரையில் வர வேண்டியதை வாசித்துச் சொல்கிற அந்தக் குரல் இல்லாவிட்டால் இது பெட்டி, அது பலகை, நடுவில் ஒரு மேசை. ஸ்பீக்கரின் திருகைத் திருப்பினாள். கடைசிவரை திருப்பியும் ஒன்றுமில்லை. ஒருவேளை குரல் வந்துகொண்டுதான் இருக்கிறதோ, நமக்குத்தான் காது போய்விட்டதோ என்று சுருக்கென்று ஒரு பயம் வந்தது. இந்தப் பயம் அவளுக்குப் புதிதில்லை, சளி பிடித்துக் காதடைத்தாலே வந்துவிடும். இடது காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினாள், வலது காதுக்குப் பக்கத்தில் சொடுக்கினாள். கேட்கிறது. கீழே அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது, தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், எல்லாம் கேட்கிறது. சனியன், காது இருக்கிறது. அப்படியானால் சரி, மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றதைப் பார்க்க, விஷயம் கேட்ட கையோடு அண்ணன் கிளம்பிப் போயிருந்தான். அதுதான் இப்போது அவசரம். "நான் அப்பவே சொன்னேன்லா," என்று பூவநாதன் மாடிப்படியில் நின்றுகொண்டு சொல்லிவிட்டுப் போனது இன்னும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. "ஊரே ஒண்ணு வச்சிருக்கு. நீ மட்டும் லினக்ஸு கினக்ஸுன்னு யாருகிட்டயும் இல்லாததைப் புடிச்சிட்டுத் தொங்குத. பஸ் ஸ்டாண்டு பின்னால கடை வச்சிருக்கான்லா அந்தோணி, அவனக் கூட்டிட்டு வாரேன். மொத்தமா அழிச்சிட்டு எல்லாரும் வச்சிருக்கதப் போட்டுருவோம்." அழிக்க வேண்டாம் என்று அவள் சொன்னாள். "ஒன் நல்லதுக்குத்தானம்மா சொல்லுதேன்," என்றான். என் போன்ல சார்ஜ் இல்ல என்று அவளுடைய போனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான், கேட்கவில்லை, எடுத்தான். அந்தப் போன் இருந்தால் அதன் குரலை வைத்து இந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்திருப்பாள். அது அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது, இந்தப் பெட்டியில் ஒவ்வொன்றையும் அவளே போட்டாள் என்பதும் அதில் சேர்த்தி. நிறுவியது அவள். குரலை ஓட வைத்தது அவள். சவுண்ட் கார்டு பிடிக்காமல் அடம்பிடித்த நாட்களில் அதை ஓட்டுகிற டிரைவர் நிரலைத் தேடிப்பிடித்து ஏற்றியது அவள். இந்த வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் போய் வருகிற ஒரே இடம் இது. இதை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டால் அது யாரோ போட்டுக் கொடுத்ததாக இருக்கும், ஒன்று கெட்டால் அந்தோணியைக் கேள் என்றாகிவிடும், அந்தோணி வருகிற அன்றைக்குத்தான் அவள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள் அடிக்க முடியும் என்றாகிவிடும். மாட்டேன். செண்பகவல்லி அதை வாய்விட்டே சொன்னாள், "மாட்டேன்."

சொல்லிவிட்டாள், சரி, இனி என்ன செய்வது? தப்பு தன்னுடையதுதான் என்று மனது முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. நேற்று சாயங்காலம் எல்லாவற்றையும் புதுப்பித்தாள், எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற கர்னல்கூடப் புதிது இறங்கியது, இறங்கும்போதே ஒரு நெருடல் இருந்தது, சனிக்கிழமை லீவுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். புதுக் கர்னலோடு பழைய டிரைவர் ஒத்துப்போகாமல் சவுண்ட் கார்டு படுத்திருக்கும். நோண்டாதே நோண்டாதே என்று சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். ரேடியோவை நோண்டாதே, பூட்டை நோண்டாதே. கண் தெரிகிற பிள்ளை செய்தால் அதற்கு ஆர்வம் என்று பெயர், அவள் செய்தால் நோண்டல். சரி, நோண்டல்தான் என்றால் முழுதாக நோண்டிவிட வேண்டியதுதான். கட்டளை அடிக்கிற கறுப்புச் சன்னலைத் திறக்க மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். திறந்திருக்குமா? யார் கண்டது. ஊமைப் பெட்டியிடம் கேள்வி கேட்பது பெரிதில்லை, பதில் எப்படி வரும்? வாய் இல்லை. வேறு என்ன இருக்கிறது அதற்கு, அசைக்க, ஆட்ட, கைக்குத் தெரிகிற மாதிரி. கை தானாகப் பெட்டியின் முகப்பில் ஊர்ந்தது, பொத்தான், யூஎஸ்பி துளை, அதற்கு மேல் ஒரு நீளக் கோடு. சிடி தட்டு. இந்தக் காலத்தில் யார் சிடி போடுகிறார்கள் என்று கழற்றிவிடப் பார்த்தது, சோம்பலில் அப்படியே கிடந்தது. தட்டைத் திற என்று ஒரு கட்டளை உண்டு. கேள்வியை அடித்து, பதில் ஆம் என்றால் மட்டும் தட்டைத் திற என்று அதன் வாலில் கட்டிவிட்டால்? செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சு வராவிட்டால் என்ன, நாக்கை நீட்டிக் காட்டட்டும்.

முதலில் சும்மா தட்டைத் திற என்று மட்டும் அடித்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தாள், ஒவ்வொரு விசையாக, பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதவைக்கிற நிதானத்தோடு. இல்லை. சன்னலே திறக்கவில்லையோ. தட்டு கெட்டுக் கிடக்கிறதோ. பெட்டி பாதி வழியில் எங்கேயாவது நின்றுகொண்டிருக்கிறதோ. இதுதான் பொல்லாதது, முடியாது என்பதும் நீ தப்பாகக் கேட்டாய் என்பதும் நீ கேட்டதே என் காதில் விழவில்லை என்பதும் ஒரே மௌனம், மூன்றையும் பிரித்துச் சொல்ல ஆளில்லை. மௌனத்தோடு அவளுக்கு ரொம்ப நாள் பழக்கம் உண்டு. கல்லூரியில் அவளுக்குப் பாடம் வாசித்துக் காட்டுகிற தோழிகள் நடுநடுவே ஒரு பத்தியை விழுங்கிவிடுவார்கள், போதும் என்று நினைத்து, அல்லது பசித்து. பக்கம் புரள்கிற சத்தம் சீக்கிரமே கேட்டுவிடும், அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள், வாசிப்பதே உபகாரம், உபகாரத்திடம் கணக்குக் கேட்க முடியுமா? அண்ணன் தினமும் காலையில் பேப்பர் வாசிப்பான். நல்ல குரல் அவனுக்கு, நிறுத்தி நிறுத்தி, அழகாக. விபத்துச் செய்திகளை விட்டுவிடுவான், அவளுக்கு மனசு கஷ்டப்படும் என்று. ஒரு நாள் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரலாறு ஆசிரியை வேண்டும் என்று வந்த விளம்பரத்தையும் விட்டுவிட்டான். விண்ணப்பிக்கிற தேதியெல்லாம் போன பிறகு ஒரு சிநேகிதி சொல்லித்தான் தெரிந்தது. ஏன் அண்ணே வாசிக்கலை என்று கேட்டதற்கு, "அவ்வளவு தூரத்துல ஒன்னால தனியா இருக்க முடியாதும்மா" என்றான், அன்போடு, உண்மையான அன்போடு, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அதே அண்ணன். அதை எப்படிக் கோபித்துக்கொள்வது என்று அவளுக்கு இன்றைக்குவரை தெரியவில்லை, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம்தான் இந்தப் பெட்டி வந்தது. மூக்கால் பேசுகிற குரல், ஏற்ற இறக்கம் கிடையாது, சாவுச் செய்தியையும் சமையல் குறிப்பையும் ஒரே மாதிரி வாசிக்கும். ஆனால் ஒரு வரியை விடாது. அவளுக்கு எது தாங்கும் எது தாங்காது என்று அது யோசிக்காது. அந்த மரியாதையை அவளுக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை.

நேற்று என்ன எழுதிக்கொண்டிருந்தோம்? பத்தாம் வகுப்புக்குக் கட்டபொம்மன் பாடக் குறிப்பு. தமிழில். தமிழில்! செண்பகவல்லி நெற்றியில் அடித்துக்கொண்டாள். விசைப்பலகை தமிழிலேயே நிற்கிறது, அவள் அடித்த கட்டளையெல்லாம் க-வும் ட-வுமாக அந்தச் சன்னலில் போய் விழுந்திருக்கிறது, அது என்ன பாவம் செய்தது, என்ன சொல்கிறாய் தாயே என்று முழித்துக்கொண்டிருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றினாள். அந்தக் குப்பையையெல்லாம் ஒதுக்கிவிட்டு, புது வரியில் மறுபடியும் அடித்து, என்டரைத் தட்டினாள்.

தட்டு சர்ரென்று வெளியே வந்து, அந்த நேரம் பார்த்து அண்ணன் பெண்டாட்டி பொன்கனி மதினி மேசை ஓரத்தில் வைத்த டீத் தம்ளரை இடித்தது. "ஏ ஆத்தா, இது என்ன, கடிக்க வருது!" என்று பொன்கனி பின்னால் நகர்ந்தாள். மதினி படியேறி வந்தது செண்பகவல்லிக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவு மும்முரம். "கடிக்காது மதினி, பதில் சொல்லுது," என்றாள். தட்டை விரலால் உள்ளே தள்ளினாள். மதினி சேலைத் தலைப்பில் கை துடைக்கிற சத்தம் கேட்டது. "செண்பா, ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல என்னென்னமோ வெள்ளையா நிக்கி. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கட்டா?" என்றாள். வாசிக்கலாம். சட்டென்று முடிந்துவிடும். மதினி ஒரு வார்த்தையையும் விழுங்க மாட்டாள், அதற்கு அவளுக்கு இங்கிலீஷ் போதாது, அப்படியே எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சரி மதினி வாசிங்க என்று. ஆனால் மதினியைக் கூப்பிட்டுத்தான் முடிந்தது என்றால் அடுத்த தடவையும் மதினியைத்தான் கூப்பிட வேண்டும், மதினி தங்கை வீட்டுக்குப் போயிருந்தால் அந்தோணியை, அந்தோணி இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இது வீம்புதான். வீம்பு என்றே இருக்கட்டும், வீம்பு இல்லாமல் அவள் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாள். "வேண்டாம் மதினி. நானே கேட்டுக்கிடுதேன்." பொன்கனி கோபித்துக்கொள்ளவில்லை. தம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பம் நான் ஒண்ணு செய்யட்டா? அவுக வந்து வாசல் கேட்டத் தட்டினா, சாவியக் காணலன்னு கொஞ்ச நேரம் தேடுதேன்," என்றாள். அண்ணன் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துவது யாரோடு என்று அவனுக்கே தெரியாது.

மதினி இறங்கிப் போனதும் அவள் கேட்க ஆரம்பித்தாள். டிரைவர் ஏறியிருக்கிறதா? ஆம் என்றால் திற. தட்டு வந்தது. அவள் நம்பவில்லை, உள்ளே தள்ளிவிட்டு மறுபடியும் கேட்டாள், மறுபடியும் வந்தது. சவுண்ட் கார்டு கண்ணுக்குத் தட்டுப்படுகிறதா, அதாவது பெட்டியின் கண்ணுக்கு? வந்தது. அப்படியானால் கர்னல் மேல் பழியில்லை, புதுப்பித்ததில் தப்பில்லை, நோண்டியதில் தப்பில்லை. இதைக் கேட்டு மனது கொஞ்சம் நிமிர்ந்தது, உடனே இன்னொரு மூலையிலிருந்து பயம் எட்டிப் பார்த்தது, அப்புறம் ஏன் பேசவில்லை? வாயை அடைத்து வைத்திருக்கிறதோ? அடைப்பை எடு, சத்தத்தைக் கூட்டு என்று அடித்தாள். ஒன்றுமில்லை. கார்டுக்கே நேராகப் போய், நடுவில் யாரையும் கேட்காமல், அதன் வழியே ஒரு இரைச்சலை அனுப்பச் சொன்னாள். முதலில் பிழையாக அடித்துவிட்டாள், சத்தம் வரவில்லை. சேலையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப அடித்தாள். இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து சோவென்று ஒரு இரைச்சல் கொட்டியது. அப்புறம் வலப்பக்கம். அழகில்லாத வெற்று இரைச்சல், அவள் அதைக் கண்ணில் நீர் வர வரக் கேட்டாள். ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, கார்டு நன்றாக இருக்கிறது, கம்பி நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் குரல் போகவில்லை. அது இந்த நேரம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது, இங்கே பேசவில்லை, வேறெங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறது. எங்கே? இந்த அறையில் வேறு என்ன இருக்கிறது?

புதிதாக ஒன்று இருக்கிறது. இன்று காலையில் அண்ணன் வாங்கிவந்து மேசையில் வைத்த திரை. இத்தனை வருஷம் திரையில்லாமல்தான் இந்தப் பெட்டி ஓடியது, குருட்டுப் பெட்டி என்று அவளே கேலி செய்வாள். "வீட்டுக்கு வாரவங்க என்ன நெனைப்பாங்க, கம்ப்யூட்டர் இருக்கு, ஸ்கிரீன் இல்லைன்னா? எங்கள்ல யாராவது பாக்கணும்னாலும் வேணும்லா," என்று அவனே பின்னால் குனிந்து கம்பியைச் செருகினான். திரை பார்ப்பதற்கு, அதற்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவளும் விட்டுவிட்டாள். சம்பந்தம் உண்டு. படம் போகிற அந்தக் கம்பியிலேயே சத்தமும் போகும், அதனால் அதுவும் தன்னை ஒரு சவுண்ட் கார்டு என்றுதான் சொல்லிக்கொள்ளும், பெட்டியும் புதிதாக வந்த பெரிய மனுஷருக்கு எழுந்து இடம் கொடுத்துவிடும். குரல் இப்போது போகிற வழி அந்தக் கம்பியா? ஆம் என்றால் திற. அடித்துவிட்டு, என்டர் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒரு கணம் அப்படியே இருந்தாள். தட்டினாள். தட்டு வந்தது.

திரையின் மேல் கை வைத்தாள். வழவழப்பு, லேசான சூடு. ஓரங்களைத் தடவினாள், பின்னால் தடவினாள், ஸ்பீக்கர் துளை ஒன்றுகூட இல்லை. வாயில்லாத இந்தக் கண்ணாடிக்குள்தான் காலையிலிருந்து அவளுடைய குரல் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது, அவள் அடித்த தமிழ்க் குப்பையைக்கூட விடாமல். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவனுக்குப் பார்க்க வேண்டும். அவன் பார்ப்பதற்காக அவளுக்குக் கேட்காமல் போனது. அதற்குத் தண்டனையும் அவளுக்கே, அவள் போட்டதையெல்லாம் அழிப்பது. கையைக் கம்பியில் கொண்டுபோய்ப் பிடித்தாள், ஒரு இழுப்பு, முடிந்துவிடும். இழுக்கவில்லை. இழுத்தால் நாளைக்கு வந்து செருகுவான், அன்போடு செருகுவான். இழுக்க இழுக்கச் செருகுவான். கம்பி கிடக்கட்டும். குரலை ஸ்பீக்கருக்குத் திருப்பு என்று அடித்தாள்.

வந்தது. பாதி வார்த்தையில், மூக்கால், மழைபோல் கொட்டிக்கொண்டு, எதையோ வாசித்துக்கொண்டே வந்தது. செண்பகவல்லி மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகைதான், அதில் என்ன வெட்கம். கொஞ்ச நேரம் அது வாசிப்பதை மட்டும் கேட்டாள். கீழே கேட் ஆடியது. "பொன்கனி! ஏ பொன்கனி!" அண்ணனின் குரல். "இந்தா வாரேன், சாவி இங்கனதான் வச்சேன்," என்று மதினி அடுக்களையிலிருந்து பாடினாள். செண்பகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இனி குரல் சொல்லச் சொல்ல அடிக்கலாம், பயமில்லை. யார் எதைக் கொண்டுவந்து செருகினாலும் அந்தக் கம்பியைச் சவுண்ட் கார்டு என்று ஒருக்காலும் ஏற்காதே என்று ஒரு விதியை எழுதி, பெட்டி எழும்போதெல்லாம் முதலில் படிக்கிற இடத்தில் போட்டாள். சேமித்தாள். பெட்டியை நிறுத்தி மறுபடி எழுப்பினாள். கீழே இன்னும் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குரல் கம்பியைச் சட்டை செய்யாமல் ஸ்பீக்கரிலேயே வந்தது. கடைசியாக இன்னொன்றும் அடித்தாள், திரைக்குப் படம் போக வேண்டாம் என்று. அது கோபத்தில் செய்ததுதான், அதை மறைக்க ஒன்றுமில்லை. அவளுடைய அறைக்குள் எட்டிப் பார்க்கக் கதவைத் தட்டிவிட்டு வரட்டும்.

படியில் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அண்ணனின் மூச்சு, அவனுக்குப் பின்னால் ஷூவைக் கழற்றிவிட்டு வருகிற இன்னொருவர். "இந்தா அந்தோணி, பாரு," என்று சொல்லிக்கொண்டே வந்த பூவநாதன் குரலைக் கேட்டு நின்றான். "சத்தம் வருது!" என்றான். "வருது," என்றாள். "எப்படி வந்துச்சு?" "நான்தான் வர வச்சேன்." அந்தோணி மேசைப் பக்கம் வந்தான், திரையின் பொத்தானை அமுக்கினான், இன்னொரு தடவை அமுக்கினான். "ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலயே அக்கா. அது என்ன பேசுது? இவ்வளவு வேகத்துல ஒரு எழவும் புரியல." அவளுக்குப் புரிகிற வேகம் அது, வருஷக்கணக்கில் கூட்டிக் கூட்டி வைத்தது. "ஏம்மா, வெளையாடாத," என்றான் அண்ணன். "ஸ்கிரீனப் போடு. என்ன பண்ணி வச்சிருக்கன்னு அவன் பாக்காண்டாமா? நான் பாக்காண்டாமா?" குரலில் அதட்டல் இருந்தது, அதற்கு அடியில் பயமும் இருந்தது, இருட்டில் கொண்டுபோய் விட்டதுபோல. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள்.

"என்ன பாக்கணும்னு கேளுங்க," என்றாள். "நான் பாத்துச் சொல்லுதேன்."

அண்ணன் கட்டிலில் உட்கார்கிற சத்தம் வந்தது. அந்தோணிதான், "சரிக்கா, இப்ப சத்தம் எந்தக் கார்டு வழியா வருதுன்னு பாருங்க," என்றான்.

அவள் பார்த்துச் சொன்னாள்.